மதுரை அரண்மனையில் காதல், பகை, கடமை: சரித்திரக் கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையைக் களமாக வைத்து இளவரசர், இளவரசியர் கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காதலை எங்கே வைப்பது, பங்காளிப் பகையை எப்படி மூட்டுவது, அரச கடமையை உபதேசமாக்காமல் எப்படிக் காட்டுவது என்பவையே அவை. வரலாற்றில் நடந்ததை முன்னால் வைத்து, எழுதும்போது எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்து இங்கே பதில் தரப்பட்டிருக்கிறது.

எந்தக் காலத்தை எடுத்துக்கொள்வது?

முதல் கதை என்றால் நாயக்கர் காலம். 1529 வாக்கில் விசுவநாத நாயக்கரில் தொடங்கி, 1730களில் ராணி மீனாட்சியோடு முடியும் இரு நூற்றாண்டுகள். அரண்மனையின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. புதுமண்டபத் தூண்களில் அரசர்கள் கைகூப்பி, இடுப்பில் குறுவாளோடு நிற்கிறார்கள். ஜேசுயிட் பாதிரியார்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் அரசவைச் சண்டைகள், பட்டாபிஷேகங்கள், பஞ்சம், போர் எல்லாம் இருக்கின்றன. எழுத்தாளர் கற்பனை செய்ய வேண்டியது மனசை மட்டும்தான்.

13, 14ஆம் நூற்றாண்டுப் பாண்டியர்களுக்குக் கல்வெட்டுகள் ஏராளம். ஆனால் கல்வெட்டு நிலதானத்தைச் சொல்லும், வீட்டுச் சண்டையைச் சொல்லாது. அதற்குப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபையும் மார்க்கோ போலோவையும் பார்க்க வேண்டும். சங்க காலத்தில் உணர்ச்சி கொட்டிக் கிடக்கிறது, ஆண்டுக் கணக்கு இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகள் வாரிசுச் சண்டைக்கே பேர்போனவை.

பலரும் கவனிக்காமல் விடும் இன்னொரு களம் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களை வென்ற விஜயநகர இளவரசன் குமார கம்பணன். அந்தப் படையெடுப்பை ‘மதுரா விஜயம்’ என்று சமஸ்கிருதக் காவியமாகப் பாடியவர் அவனுடைய மனைவி கங்காதேவி. இளம் அரச தம்பதியில் ஒருவர் வாளெடுக்க, மற்றவர் எழுத்தாணி எடுத்த கதை இது. இன்னும் பல நாவல்களுக்கு இதில் இடமிருக்கிறது.

கதையைக் காதலர்களிடமிருந்து தொடங்கலாமா?

வேண்டாம். வம்சாவளியிலிருந்து தொடங்குங்கள். அரண்மனையில் பிறந்த பிள்ளைக்குக் காதல் தனிச் சொத்தல்ல. அவன் யாரைக் கட்டுகிறான் என்பது அடுத்து யார் பட்டம் ஏறுவது என்பதோடும், எந்தப் பாளையம் எந்தப் பக்கம் சாயும் என்பதோடும் முடிச்சிட்டிருக்கிறது. அந்த முடிச்சைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் நந்தவனத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், கதை நகராது.

ஒரு தாளில் மூன்று தலைமுறை போடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து பெயர் போதும். அரசனுடைய மனைவியரை மணமுடித்த வரிசையில் எழுதி, ஒவ்வொருவரின் பிறந்த வீட்டையும் பக்கத்தில் குறியுங்கள். அந்த வீட்டுக்குப் படை உண்டா, பணம் உண்டா, இரண்டும் இல்லையா? பிறகு பிள்ளைகளை வயது வரிசையில் எழுதுங்கள். கொடுத்த பெண்கள், எடுத்த பெண்கள் யார் என்று கோடு போடுங்கள். கடைசியாக அரசனின் தம்பிமார். இவர்களை மறப்பதுதான் முதல் சறுக்கல், ஏனென்றால் நாயக்கர் வம்சத்தில் தம்பி என்பவர் பெரும்பாலும் சேனாபதியாகவோ பட்டத்துக்குப் போட்டியாகவோ இருந்தார்.

தாளைப் பார்த்தாலே விரிசல் தெரியும். மூத்த மகனின் தாய்க்குப் பின்பலம் இல்லை, இளையவனின் தாய்க்கு உண்டு என்றால் பகைக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். நாயகனும் நாயகியும் அந்த விரிசலின் இரு கரையில் நிற்கும்படி வையுங்கள்.

மூத்த மகன்தானே அரசன்? அதில் என்ன குழப்பம் வரும்?

மூத்தவன் என்பது ஒரு தகுதி. அதோடு இன்னும் மூன்று பார்க்கப்பட்டன: தாய் யார், தகப்பன் யாரைக் கைகாட்டினார், படை யார் கையில்.

தாய் யார் என்பதற்கு ராமநாதபுரம் நல்ல சான்று. அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் மகன் பவானி சங்கரனுக்கு, தாயின் குலம் காரணமாகப் பட்டம் மறுக்கப்பட்டது. வேறொருவர் சேதுபதியானார். பவானி சங்கரன் அடங்கவில்லை. தஞ்சை மராத்தியர் உதவியோடு சீமையைப் பிடித்தார். அவரை வீழ்த்தச் சசிவர்ணத் தேவரும் கட்டயத் தேவரும் அதே தஞ்சையிடம் போய் நின்றார்கள். முடிவில் 1730 வாக்கில் சீமை ஐந்து பங்காகப் பிரிந்து, மூன்று ராமநாதபுரத்துக்கும் இரண்டு சசிவர்ணருக்கும் போனது. அந்த இரண்டு பங்குதான் சிவகங்கைச் சீமை.

தகப்பன் கைகாட்டியதற்கு மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268இல் பட்டமேறி நாற்பது ஆண்டு ஆண்டவன். பட்டத்தரசி மகன் சுந்தர பாண்டியன் இருக்க, ஆசைநாயகி மகன் வீர பாண்டியனை வாரிசாக முன்னிறுத்தினான் என்கிறார் வஸ்ஸாஃப். 1310 வாக்கில் சுந்தரன் தகப்பனைக் கொன்றான் என்பதும் அவர் எழுதியதே.

சமாதானமாக முடிந்ததும் உண்டு. 1659இல் திருமலை நாயக்கர் மறைந்தபோது, மைசூர்ப் படையை விரட்டிய அவருடைய தம்பி குமாரமுத்து பட்டம் கேட்டு நின்றார். மகன் முத்துவீரப்பனுக்கு வழிவிடச் சொல்லி, அவருக்குச் சிவகாசிப் பகுதியின் ஆட்சி கொடுக்கப்பட்டது. வென்று வந்த சித்தப்பன், பட்டமேறப் போகும் மகன், நடுவே பேச்சுவார்த்தை நடத்தும் மந்திரிகள். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் நூறு பக்கம் எழுதலாம்.

அண்ணன் தம்பிப் பகையில் ஒருவனைக் கெட்டவனாக்கத்தானே வேண்டும்?

இந்த இடத்தில்தான் அதிகக் கதைகள் கெடுகின்றன. ஒருவன் உத்தமன், மற்றவன் குடிகாரன் என்று பிரித்துவிட்டால் வாசகருக்கு முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது. இருவருக்கும் நியாயம் இருக்கட்டும். சுந்தர பாண்டியனுக்குப் பட்டத்தரசி வயிற்றில் பிறந்த உரிமை உண்டு. வீர பாண்டியனுக்குத் தகப்பன் உயிரோடிருக்கும்போதே கொடுத்த அதிகாரம் உண்டு. தன் கோரிக்கை நேர்மையானது என்று இருவரும் மனசார நம்புவதில்தான் சோகம் இருக்கிறது.

மதுரையின் வரலாற்றில் பங்காளிச் சண்டையில் லாபம் அடைந்தவன் எப்போதும் மூன்றாமவனே. நான்கு முறை இது நடந்திருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் மதுரையில் பராக்கிரம பாண்டியனைக் குலசேகரன் முற்றுகையிட்டான். பராக்கிரமன் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். தண்டநாயகன் இலங்காபுரன் படையோடு வருவதற்குள் பராக்கிரமன் கொல்லப்பட்டுவிட்டான். தப்பிப் பிழைத்த மகன் வீர பாண்டியனை முன்வைத்து ஈழப்படை சண்டையிட, குலசேகரனுக்காகச் சோழன் இறங்கினான். பாண்டிய நாடு இரண்டு அந்நியப் படைகளின் போர்க்களமானது.

1310இல் சுந்தரனும் வீரனும் மோதினார்கள். அடுத்த ஆண்டே டில்லி சுல்தானின் படைத்தலைவன் மாலிக் கபூர் மதுரைக்கு வந்துவிட்டான்.

1678 வாக்கில் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கரை இறக்கிவிட்டு அவர் தம்பி முத்துலிங்க நாயக்கரை ஏற்றினார்கள். கொஞ்ச காலத்தில் குதிரைப்படைத் தலைவன் ருஸ்தம் கான் அதிகாரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு மறவர் படை உதவியோடுதான் அவனை ஒழிக்க முடிந்தது.

1732க்குப் பிறகு விதவை ராணி மீனாட்சிக்கும் அதே வம்சத்துப் பங்காரு திருமலைக்கும் பட்டப் போட்டி. மீனாட்சி தத்தெடுத்ததே பங்காருவின் மகனைத்தான், இருந்தும் பகை ஓயவில்லை. இருவருக்கும் நடுவே நுழைந்த ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப் நாட்டையே எடுத்துக்கொண்டான். ராணி காவலில் நஞ்சருந்தி இறந்தார் என்பது மரபு.

ஆகவே கதையில் மூன்றாமவன் மூன்றாம் அத்தியாயத்துக்குள் வந்துவிட வேண்டும். வில்லனாக இல்லை, உதவியாளனாக. அண்ணனோ தம்பியோ அவனை அழைத்துவர ஒரு நல்ல காரணம் இருக்க வேண்டும்.

பெண் கேட்டு மறுத்ததற்காக உண்மையிலேயே போர் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் ‘மகட்பாற் காஞ்சி’ என்று ஒரு துறையே உண்டு. வேந்தன் பெண் கேட்கிறான், தகப்பனும் தமையன்மாரும் மறுக்கிறார்கள், ஊர் அழியப்போகிறதே என்று புலவர் கவலைப்படுகிறார். குற்றம் பெண்ணின் அழகின்மேல் விழுவதுபோல் சில பாடல்கள் இருக்கும். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதைப் பாடல்கள் சொல்வதில்லை. கதை எழுதுபவருக்கு அங்கேதான் வேலை.

நாயக்கர் காலத்துச் சான்று 1673. அப்போது சொக்கநாதர் திருச்சியில் இருந்தார். தஞ்சை விஜயராகவ நாயக்கரிடம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். மறுப்பு வந்தது. படை புறப்பட்டது. திருச்சிக்கும் தஞ்சைக்கும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான், பீரங்கியும் பொதிமாடுமாகப் போகும் படைக்கு மூன்று நான்கு நாள் நடை. கோட்டை விழும் நிலையில் அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். எந்தப் பெண்ணைக் கேட்டுப் போர் மூண்டதோ அவளும் அந்தப்புரத்தோடு அழிந்தாள் என்றே மரபுக் கதை சொல்கிறது. விஜயராகவரும் மகனும் களத்தில் மாண்டார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. தஞ்சையை ஆளச் சொக்கநாதர் அனுப்பியது தன்னோடு பால்குடித்து வளர்ந்த அழகிரியை. அவர் சில காலத்தில் கப்பம் கட்டுவதை நிறுத்தித் தனி அரசராக நடந்துகொண்டார். அதற்குள் தஞ்சை வம்சத்துக் குழந்தை செங்கமலதாசனைச் செவிலி ஒருத்தி நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய் வளர்த்திருந்தாள். எதிர்பார்த்த பதவி கிடைக்காத வெங்கண்ணா என்ற அதிகாரி அந்தப் பிள்ளைக்காக பீஜாப்பூர் சுல்தானிடம் போனார். சுல்தானின் படையோடு வந்தவர் சிவாஜியின் தம்பி ஏகோஜி. சில ஆண்டுகளுக்குள் தஞ்சை மராத்தியர் கைக்குப் போய்விட்டது.

சிலர் இதில் இளவரசியை நாயகனோடு இரவில் தப்ப வைக்கிறார்கள். தப்ப வைக்கலாம், ஆனால் அதன் பிறகு அந்தப்புரம் வெடிக்கும் ஓசையை அவள் கேட்காமல் இருக்க முடியாது. அதை எழுதத் துணிவு இல்லையென்றால் இந்தப் போரை எடுக்க வேண்டாம்.

இளவரசனும் இளவரசியும் எங்கே சந்திக்க முடியும்?

திருவிழாவில். அரசகுலப் பெண் ஊர் பார்க்க வெளியே வரும் நாள் அதுதான். சித்திரைத் திருவிழா, வைகாசியில் புதுமண்டபத்து வசந்த விழா, ஆவணி மூலம், நவராத்திரி, தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம். தைப்பூசம் திருமலை நாயக்கரின் பிறந்த நட்சத்திரம் என்பதால் அன்று அரச குடும்பம் குளக்கரையில் இருப்பது இயல்பு. தெப்பக்குளம் 1645இல் வெட்டப்பட்டது, அதற்கு முந்திய கதையில் அது வரக்கூடாது. சங்க காலக் கதை என்றால் வையையில் புதுப்புனல் வரும் நாள். பரிபாடலின் வையைப் பாடல்கள் முழுக்க அந்த நீராட்டுதான், ஊடலும் கூடலும் அங்கேயே நடக்கும்.

வையையில் படகுக் காட்சி வைப்பவர்கள் மாதத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையின் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் உண்டு. பங்குனியில் மணல்தான். சித்திரையில் அழகர் இறங்குவதும் பெரும்பாலும் மணலும் முழங்கால் நீருமான ஆற்றில்.

தனிச் சந்திப்புக்குத் தோழியும் செவிலியும் இல்லாமல் முடியாது. இதில் ஒரு கணக்கு உதவும்: இளவரசியைச் சுற்றி எப்போதும் குறைந்தது நான்கு பேர் என்று வையுங்கள். ஒருத்தி உடந்தை, ஒருத்தி தூங்குகிறாள், ஒருத்தியை வேலையாக அனுப்பியாகிவிட்டது. நான்காமவள் யார் பக்கம்? அந்தக் கேள்வியை வாசகர் மனசில் போட்டுவிட்டால் காட்சி தானாக இறுகும்.

நேரத்தையும் நிலவையும் எப்படிக் கணக்கிடுவது?

நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். இரவுக்கு நான்கு சாமம், ஒவ்வொன்றும் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். இரண்டாம் சாமம் முடியும்போது நள்ளிரவு. மூன்றாம் சாமத்தில் காவலர் கண் அசரும், சந்திப்புக்கு அதுவே பொருத்தம்.

நிலவில் தவறாதவர்கள் குறைவு. வளர்பிறையின் மூன்றாம் பிறை சூரியன் மறைந்ததும் மேற்கே தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும். அது கிழக்கே எழுவதாக எழுதாதீர்கள். பௌர்ணமி நிலவு மாலையில் எழுந்து விடியும்வரை இருக்கும். அதன் பின் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ இரண்டு நாழிகை தாமதமாக எழும். தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவுக்குத்தான் வரும். ஆகவே இருட்டில் வந்து, பேசிக்கொண்டிருக்கையில் நிலவு எழுந்து காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் தேய்பிறை அஷ்டமிமுதல் தசமிவரை வையுங்கள்.

பயணத்துக்கு எத்தனை நாள் கொடுப்பது?

தனிக் குதிரை, நம் வெயிலில், நாளைக்கு 40 முதல் 50 கிலோமீட்டர். பல்லக்கு, ஆள் மாற்றித் தூக்கினால் 25 முதல் 30. படை 15 முதல் 20. மதுரையிலிருந்து திருச்சி சுமார் 135 கிலோமீட்டர், ராமநாதபுரம் 115, சிவகங்கை 45, அழகர்கோவில் 20, திருப்பரங்குன்றம் 8. ஆகவே மதுரையில் மாலை புறப்பட்ட நாயகன் விடியலில் திருச்சிக் கோட்டையில் குதிப்பது நடக்காது, குதிரை செத்துவிடும்.

குதிரை மலிவும் அல்ல. பாண்டியர்கள் அரபு நாட்டிலிருந்து கடல்வழி இறக்கினார்கள். ஒன்றின் விலை 220 பொன் தினார் என்கிறார் வஸ்ஸாஃப். பராமரிப்புத் தெரியாமல் வாங்கியவை எல்லாம் சாகின்றன என்று மார்க்கோ போலோ வருத்தப்படுகிறார். இளவரசன் கோபத்தில் குதிரையை விரட்டிக் கொல்வது அன்று ஒரு பெரும் செல்வத்தைக் கொல்வது. குதிரைப்பந்திக் காவலன் முகத்தில் அது தெரிய வேண்டும்.

கடமையை உபதேசமாக்காமல் காட்டுவது எப்படி?

பேச வைக்காதீர்கள், செய்ய வையுங்கள். நெடுநல்வாடையில் ஒரு மாடலே இருக்கிறது. அரண்மனையில் தந்தக் கட்டிலில் அரசி உறங்காமல் கிடக்கிறாள். பொன்வளை கிடந்து தழும்பேறிய கையில் இப்போது சங்குவளையும் காப்புநூலும் மட்டும். அதே இரவில் பாசறையில் அரசன் வாடைக்காற்றிலும் தூறலிலும், விளக்கு முன்னே போக, புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். அவள் நினைவு அவனுக்கு இருந்ததா என்று நக்கீரர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காதலும் கடமையும் ஒரே இரவில் இரண்டு இடத்தில் விழித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

வயதை உடம்பில் காட்டுங்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் போருக்குக் கிளம்பியபோது குழந்தைகள் அணியும் ஐம்படைத்தாலியைக்கூடக் கழற்றவில்லை, பால் மறந்து சோறு உண்டது இன்றுதான் என்று புறநானூற்றின் 77ஆம் பாட்டு வியக்கிறது. மிகைதான், ஆனால் ‘சிறுவன் அரசனானான்’ என்பதை அதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியாது.

கடமை தவறுவதைக் காட்ட மதுரைக்குச் சிலப்பதிகாரம் போதும். கூத்துப் பார்த்த அரசன்மேல் தேவி ஊடல் கொண்டு போய்விட்டாள். அவளைத் தேற்றப் போகிற வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அந்த அவசரத்தில், விசாரிக்காமல், ஒரு வாக்கியம். ஒரு உயிர் போனது, பிறகு ஊரே எரிந்தது. பாண்டியன் கொடியவன் அல்லன், மனைவியைச் சமாதானம் செய்யப் போய்க்கொண்டிருந்த கணவன். உங்கள் இளவரசன் தவறும் இடமும் இப்படித்தான் சிறியதாக, மன்னிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவனுக்குப் பிறகு கொற்கையிலிருந்து வெற்றிவேற்செழியன் வந்து பட்டமேற்கிறான். இளம் பாண்டியர்களைத் தலைநகருக்கு வெளியே கொற்கைத் துறைமுகத்தில் வைத்திருக்கும் வழக்கமும் கதைக்கு உதவும். பட்டத்துக்குரியவன் தொலைவில் இருக்க, தகப்பன் மரணச்செய்தி அவனுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும், அதற்குள் யார் முந்துவார்கள்?

இளவரசியே பட்டமேறுவதாக எழுதினால் நம்புவார்களா?

மதுரையில் நம்பாமல் எங்கே நம்புவார்கள்? மலையத்துவச பாண்டியனின் மகள் தடாதகை, அதாவது மீனாட்சி, பட்டத்துக்கென்றே வளர்ந்து, திக்குவிஜயம் போய், போர்க்களத்தில் மணவாளனைக் கண்டவள். இன்றும் சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஆவணியில் சுந்தரேசுவரருக்குச் செங்கோல் மாறுகிறது. நாலு மாதம் அவள் ஆட்சி, எட்டு மாதம் அவர் ஆட்சி என்பது ஊர் வழக்கு.

மனிதர்களில் மங்கம்மாள். கணவர் சொக்கநாதர் 1682இல் இறந்தபோது மகனுக்காக உடன்கட்டை ஏறாமல் நின்றார். அந்த மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் 1689இல் வைசூரியில் போனான். மருமகள் பிள்ளையைப் பெற்றுவிட்டு உயிர்விட்டாள். கைக்குழந்தைக்கு முடிசூட்டிவிட்டுப் பாட்டி 1706 வாக்கு வரை ஆண்டார். மூன்று சாவுகளும் ஒரு தொட்டிலும் அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்தன. ஆசையை அவர்மேல் ஏற்றி எழுதினால் கதை பொய்த்துவிடும்.

வேலு நாச்சியார் 1730இல் ராமநாதபுரத்தில் பிறந்து, 1746இல் சிவகங்கை முத்துவடுகநாதரை மணந்தார். 1772இல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட, பெண்பிள்ளை வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் ஒதுங்கி, 1780இல் சீமையை மீட்டார். எழுதப்படாமல் கிடப்பது அந்த நடு எட்டு ஆண்டு. தலைநகர் இல்லாத அரண்மனையில், அடைக்கலம் கொடுத்தவர் வீட்டில், வெள்ளச்சி எப்படி வளர்ந்தாள்?

உடன்கட்டையை மறைக்கவும் வேண்டாம், அலங்கரிக்கவும் வேண்டாம். கிழவன் சேதுபதி இறந்தபோது மனைவியர் 47 பேர் தீக்குள் போனதாகப் பாதிரியார் கடிதம் சொல்கிறது. அரசனின் நாலாவது, ஐந்தாவது மனைவியாக வரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இந்த நிழல் திருமண நாளிலேயே தெரியும்.

யார் யாரை எப்படி அழைப்பது?

நாயக்கர் வீட்டில் பேச்சு தெலுங்கு, வெளியே தமிழ். கதையைத் தமிழில் எழுதிவிட்டு, அந்தரங்கமான ஓரிரு இடத்தில் மட்டும் அவர்கள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டதாகச் சொன்னால் போதும். வேலையாட்கள் அரசனை ‘மகாராஜா’, ‘சுவாமி’ என்பார்கள். ஜமீன், பாளையத்துப் பிள்ளைகளுக்கு ‘துரை’, ‘சின்னதுரை’. மறவர் சீமை அரசகுலப் பெண்கள் ‘நாச்சியார்’. அண்ணன் மனைவி இந்தப் பக்கம் ‘மதினி’. மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள், ஊடலிலும். மாமன் மகள், அத்தை மகன் முறை இருக்கும் இருவர் பேச்சில் உரிமையும் கேலியும் வரும். முறை இல்லாதவரிடம் அந்த உரிமை வந்தாலே பக்கத்தில் நிற்பவர் காது கூர்மையாகிவிடும். காதல் வெளிப்பட அதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

அரண்மனை, சாப்பாடு, பூ: எதில் அதிகம் தவறுகிறார்கள்?

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி எல்லாம் ஐரோப்பியர் கடல்வழி வந்தபின் வந்தவை. பாண்டியர் விருந்தில் காரம் மிளகிலிருந்துதான். மாலை தொடுக்கும் கேந்திப்பூவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி.

வெளி வீதிகளில் நாயக்கர் கால நாயகனை நடக்க விடாதீர்கள். கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடம் அது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபின்தான் அந்த வீதிகள் வந்தன. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகளுக்குள் கதையை வையுங்கள்.

திருமலை நாயக்கர் அரண்மனை 1636இல் கட்டப்பட்டது. இன்று பார்ப்பது சொர்க்க விலாசத்தைச் சுற்றிய பகுதி. ரங்க விலாசம் என்ற மற்றப் பகுதி அவருடைய தம்பி முத்தியாலு நாயக்கர் குடியிருந்தது என்பார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே மதிலுக்குள், தனித்தனி வாசலோடு. பின்னால் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனது நிறைய. ஆகவே 1670களில் நடக்கும் காட்சிக்கு முழு அரண்மனையை வர்ணித்தால் தவறு. பாதி கூரை போன மாளிகையில் நடக்கும் சந்திப்பு இன்னும் நன்றாகவே இருக்கும்.

மங்கம்மாளுக்கும் மந்திரி அச்சய்யாவுக்கும் உறவு என்கிறார்களே, எழுதலாமா?

அது ஊர்ப்பேச்சு. பேரன் அவரைச் சிறைவைத்துப் பட்டினி போட்டுக் கொன்றான் என்பதும் செவிவழிக் கதையாகவே வருகிறது. ஆளும் விதவையைப் பற்றி இப்படிப் பேச்சு கிளம்புவது அரண்மனையில் ஒரு ஆயுதம். எழுத வேண்டுமென்றால் அந்தப் பேச்சை யார் கிளப்பினார்கள், யாருக்கு லாபம், பதினாறு பதினேழு வயதுப் பேரன் காதில் அது எந்த உருவத்தில் விழுந்தது என்று எழுதுங்கள். உறவு இருந்தது என்று கதைசொல்லியே முடிவுகட்டுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

உண்மைப் பெயர்களை வைத்துக்கொண்டு எவ்வளவு கற்பனை செய்யலாம்?

ஆண்ட அரசர், போர், ஆண்டு, இடம் இவற்றில் கைவைக்காதீர்கள். நாயகனையும் நாயகியையும் வரலாற்றில் பெயர் பதியாத இடத்தில் வையுங்கள்: சேதுபதி வீட்டு இளைய மகள், பாளையக்காரரின் இரண்டாம் பிள்ளை, விருப்பாச்சியில் வெள்ளச்சிக்குத் துணையிருந்த தோழி. பெரியவர்கள் வந்துபோகட்டும். சாதிப்பெயர், குலப்பட்டம் வரும் இடங்களில் நிதானம் வேண்டும், இந்த வம்சங்களின் வழிவந்தோர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். மாற்றிய விஷயம் ஏதாவது இருந்தால் கதையின் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்: எந்த ஆண்டை நகர்த்தினீர்கள், எந்த இருவரை ஒருவராக்கினீர்கள் என்று.